வண்டியின் நெற்றி

"வண்டி போறதுக்கு இவங்க கேக்குற பேப்பரைக்கூடக் குடுத்து முடிச்சிரலாம்மா, நான் போறதுக்கு நீ கேக்குற கேள்விக்குத்தான் பதில் சொல்லி மாளல." மகள் சொல்கிறாள், காலையில் கேட்டைத் திறக்கும்போது ஒரு தடவை, சிக்னலில் நான் வந்த ஆட்டோவுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி ஒரு தடவை, இப்போது இந்த மோட்டார் சங்க ஆபீஸ் முற்றத்தில் ஊரார் முன்னிலையில் ஒரு தடவை. அதே வாக்கியம், ஒரு சொல் மாறவில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் இம்போசிஷன் கொடுத்தால் நாங்கள்கூட மூன்றாவது தடவையில் ஏதாவது ஒரு கமாவை மாற்றிப் போடுவோம். நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன். ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டில் வண்டி நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்டேன். காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பார்கள் என்று கேட்டேன். கூட வருகிற மூன்று பேரில் ஒருத்தி டாக்டராம். பல் டாக்டர். கென்யாவில் இறங்கித் தென்னாப்பிரிக்கா போய்ச் சேரும்வரை பல் மட்டும்தான் வலிக்கும் போலிருக்கிறது. சொன்னால் கோபம். பெற்றவளுக்குக் கேட்க உரிமை இல்லை, ஆனால் கையெழுத்துப் போட மட்டும் பெற்றவள் வேண்டும், ஆட்டோ வைத்துப் பெரம்பூரிலிருந்து எழும்பூர் வரை வரவேண்டும், கால் ஆடுகிற இந்த நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். குக்கருக்கு கேஸ்கட் வாங்க வேண்டியிருந்தது இன்றைக்கு. சிலிண்டர்காரன் வந்தால் நம்பர் கேட்பான், நம்பர் என் போனில், போன் என் பையில், பை என் மடியில், பைக்குள் ஓர் எலுமிச்சம்பழம் உருள்கிறது. சக்கரத்தில் வைத்து ஏற்றிவிட்டுப் போகச் சொல்லுங்க அண்ணி என்று மாடிவீட்டு பங்கஜவல்லி கையில் திணித்தது. நசுக்கவில்லை நான். விற்கிற விலைக்கு எலுமிச்சையை ரோட்டில் பிழிவார்களா. திரும்பிப் போய் ஜூஸ் போட்டுக் குடிக்கலாம், வெயில் மண்டையைப் பிளக்கிறது.

லாரன்ஸ் என்று பெயர் அந்த சர்வேயருக்கு, சட்டைப் பையில் இரண்டு பென்சில், மூக்கு நுனியில் கண்ணாடி. மரியாதையான மனிதர்தான், ஆனால் சொன்னதையே சொல்லும் ரகம். மேடம், இது வண்டிக்கு பாஸ்போர்ட் மாதிரி, பேரு கார்னே என்கிறார். சொல்லியாகிவிட்டது, மூளையில் ஏறியும் விட்டது, மேலே போங்கள். புத்தகத்தில் ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு தாளாம். உள்ளே வரும்போது ஒரு முத்திரை, வெளியே போகும்போது ஒரு முத்திரை. வந்த வண்டி போய்த்தான் ஆகவேண்டும், அங்கேயே விற்றுவிட்டால் வரி போச்சே என்று ஒவ்வொரு நாட்டுக்கும் வயிற்றெரிச்சல். அதனால் இங்கே பேங்க்காரன் ஜாமீன் எழுதிக் கொடுக்கிறான், ரிப்பேர் ஆனாலும், எரிந்தாலும், எதுவானாலும் வண்டி ஊர் திரும்பும் என்று. திரும்பி வந்த அன்றைக்கு இதே முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இவரே மறுபடி நம்பரைப் பார்ப்பார், கடைசி முத்திரை குத்துவார், அப்புறம்தான் ஜாமீன் கழியும். "வண்டி எங்க போனாலும் திரும்பி வந்துரும் மேடம், அந்தக் கவலையே உங்களுக்கு வேணாம்" என்றார் சிரித்துக்கொண்டு. அந்தக் கவலையா எனக்கு. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் நான், புல்லட்டுக்குச் சொந்தக்காரி. என் வீட்டுக்காரர் போன பிறகு வாரிசு என்று என் பேருக்கு மாற்றிக் கொடுத்தார்கள், தி. தெய்வநாயகி, கணவர் பெயர் என்ற இடத்தில் ஞானவேல், முன்னால் ஒரு 'லேட்'. லேட். பள்ளிக்கூடத்தில் லேட்டாக வந்தால் வெளியே நிற்க வைப்பார்கள். அதனால் என் கையெழுத்தில்லாமல் வண்டி நகராது. எனக்குச் சொந்தமான மேற்படி வாகனத்தை என் மகள் மிருதுளா வெளிநாடுகளுக்கு ஓட்டிச் செல்ல எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. தாள் என் மடியில் இருக்கிறது. எவ்வித. ஒரு விதம்கூட இல்லையாம். அதை அடித்தவனைக் கூட்டி வாருங்கள், ஆட்சேபணையில் எத்தனை விதம் உண்டென்று உட்கார வைத்துச் சொல்கிறேன்.

ஹார்ன் அடிக்கச் சொன்னார், அடித்தாள். ஹெட்லைட் போடச் சொன்னார், போட்டாள். எல்லைக்கு எல்லை ரூல் மாறும்மா, சில இடத்துல பகல்லயும் லைட் எரியணும், முக்கோணப் பலகை கேப்பான், மெடிக்கல் கிட் கேப்பான், வண்டியில IND-ன்னு நம்ம நாட்டு எழுத்து ஒட்டலேன்னா நிறுத்திப்புடுவான். அவள் தலையைத் தலையை ஆட்டுகிறாள். என்னிடம் என்றைக்காவது அப்படி ஆட்டியிருப்பாளா. இண்டிகேட்டர் என்றார். டிக். டிக். டிக். அதை வேறு எதற்குச் சோதிக்க வேண்டும், அது நன்றாகத்தான் எரியும், பேட்டரி தீர்கிறவரை எரியும், எனக்குத் தெரியும். அன்றைக்கும் எரிந்தது. மேம்பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடைத் தயிர்தான் புளிக்காது என்று போனவர். மோர்க்குழம்புக்கு இந்தத் தயிரே போதும் என்றேன், கேட்டால்தானே. நெஞ்சில் என்னவோ பண்ணியிருக்கிறது. இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, சைடு ஸ்டாண்டு போட்டு, சாவியைக்கூட அணைக்காமல் தரையில் இறங்கி உட்கார்ந்து சக்கரத்தில் முதுகைச் சாய்த்திருக்கிறார். பார்த்தவர்கள் ஏதோ களைப்பு என்று போயிருக்கிறார்கள். சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தால் யார்தான் என்ன நினைப்பார்கள். இண்டிகேட்டர் மட்டும் திரும்பப் போகிறேன் திரும்பப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வண்டியை, பெட்டியில் இருந்த ஆர்சி புத்தகத்து முகவரியைப் பார்த்து, ஒரு கான்ஸ்டபிள் ஓட்டிக்கொண்டு வந்தார். அதுதான். அவ்வளவுதான். தெருமுனையில் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஸ்பீட் பிரேக்கரில் ஒரு இருமல், முருங்கை மரத்துக்கிட்ட கியர் குறையும், அப்புறம் கேட். மாடியிலிருந்து இவள், அப்பா வந்தாச்சு என்றாள். நான் கல்லில் தோசையை ஊற்றினேன். ஊற்றிவிட்டு, தோசைத்திருப்பியும் கையுமாக வாசலுக்கு வந்து, எருமை மாடு தயிர் கொடுக்கிற வரைக்கும் காத்திருந்து வாங்கிட்டு வர்றீங்களா என்று கேட்டேன். கான்ஸ்டபிளைக் கேட்டேன். அந்த ஆள் தொப்பியைக் கழற்றி, ஞானவேல் சார் வீடுங்களா என்றார். வண்டியில் ஒரு கீறல் இல்லை. தயிர் பாக்கெட் ஹாண்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது, சொட்டுச் சிந்தவில்லை. உள்ளே தோசை கருகும் வாடை. அந்த வாடை இன்னும்.

இதோ இந்த லாரன்ஸ் சொல்கிறார், வண்டி திரும்பி வந்துவிடும், கவலைப்படாதீர்கள். ஐயா, அது வந்துவிடும். அது வந்ததைப் பார்த்தவள் நான். மெக்கானிக் வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால் போதும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்றான். நான் தினமும் பண்ணினேன். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, கார் ஷெட்டுக்குப் போய், சைடு ஸ்டாண்டிலேயே பட்டனை அமுக்கி, பால் பொங்குகிற நேரம் ஓடவிட்டு அணைப்பேன். எதிர்வீட்டுக்காரர் புகை என்று சண்டைக்கு வந்தார். உங்கள் வீட்டு மிக்ஸி சத்தத்தை நான் சகிக்கவில்லையா என்று கேட்டு அனுப்பினேன். பேட்டரிக்காகத்தான், வேறு எதற்காக. இவள் மட்டும் அந்த நேரத்தில் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். வாளி நிரம்பி வழியும். தண்ணீர் வீணாகிறது என்று கத்தியிருக்கிறேன். எதற்குத் திறக்கிறாய் என்று நான் கேட்டதில்லை, எதற்கு ஸ்டார்ட் பண்ணுகிறாய் என்று அவளும் கேட்டதில்லை. இந்த வீட்டில் கேள்வி கேட்டு மாளவில்லையாம். கேட்ட கேள்வியெல்லாம் என்ன கேள்வி. இப்போது வண்டி மும்பை போய்க் கப்பல் ஏறிவிட்டால் சாயங்காலம் என்ன செய்வது, விளக்கேற்றிவிட்டு அடுத்து என்ன, டிவியா. அதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் மாதங்கள் கழித்து, ஏதோ ஒரு சாயங்காலம், நான் தோசைக்கல்லை வைத்திருக்கும்போது தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்கும். இருமும். முருங்கை மரத்துக்கிட்டே கியர் குறையும். யாரோ ஒருத்தன் ஓட்டிவந்து தொப்பியைக் கழற்றுவான். மிருதுளா வீடுங்களா என்பான். எல்லா முத்திரையும் சரியாக இருக்கும். எந்த எல்லையிலும் ஒரு தாள் குறையாது. பேங்க்காரனுக்கு ஜாமீன் கழிந்துவிடும்.

"என்னம்மா இது, சேஸிஸ் நம்பர் வர மாட்டேங்குது." லாரன்ஸ் குனிந்திருந்தார். ஹாண்டிலுக்குக் கீழே வண்டியின் கழுத்தில் ஒரு மெல்லிய தாளை வைத்து, செல்லோடேப் ஒட்டி, மேலே பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கிறார். இரும்பில் குத்திய நம்பர் தாளில் வெள்ளையாக எழும்பி வருமாம். கான்வென்ட்டில் நாலணாவை நோட்டுக்கு அடியில் வைத்துத் தேய்த்து சிங்கம் எடுப்போமே, அதேதான், இதற்கு ஒரு சர்வேயர். இஞ்சின் நம்பர் ஒழுங்காக வந்துவிட்டது. இது முன்பாதி வருகிறது, பின்பாதி வெறும் கருப்பு. இன்னொரு தாள். மறுபடி கருப்பு. நாற்காலியின் ஆடுகிற கால் நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிவதற்கு முன்னால், இவளுக்குத் தெரிவதற்கு முன்னால். அது நெற்றி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, நான் சந்தனம் குழைத்து, மேலே குங்குமம் வைக்கிற இடம். ஹெட்லைட்டில் வைத்தால் ஊருக்குத் தெரியும். கல்யாண வீட்டில் குங்குமச்சிமிழை எனக்கு நேரே நீட்டி, சட்டென்று அடுத்தவளுக்கு நகர்த்துகிற நாகரிகக்காரிகள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து, நீயே வைக்கிறியா என்று கேட்டுவிட்டால். அவர்களுக்குப் பதில் என்னிடம் உண்டு, நாலு பதில் உண்டு. இருந்தாலும் விரலை உள்ளே விட்டு, ஹாண்டிலுக்குக் கீழே, யாரும் பார்க்காத இடத்தில் வைத்தேன். தட்டையான இடமாக விரலுக்குப் பட்டது, கொஞ்சம் சொரசொரப்பாக. அது நம்பர் என்று எனக்கு எப்படித் தெரியும். பழசைத் துடைக்காமல் அதன்மேல் புதுசு, அதன்மேல் தூசி, எண்ணெய், அதன்மேல் புதுசு. கல்லாய்ப் போய்விட்டது.

"யாரோ ஏதோ பூசி மறைச்சிருக்காங்க மேடம். திருட்டு வண்டியிலதான் இப்படிப் பண்ணுவான், தப்பா நினைக்காதீங்க." இவள் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். லாரன்ஸ் கையைப் பிடித்துவிட்டார். கீறக் கூடாதும்மா, கீறல் விழுந்தா நம்பரை மாத்துனதா ஆயிரும், அப்புறம் எந்த எல்லையிலும் விட மாட்டான். துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்தாள், போகவில்லை. போகாது. பெட்ரோலுக்குப் போகிற அழுக்கா அது. நம்பர் தெரியலேன்னா என் கையெழுத்து விழாது, ஆர்டிஓ கிட்ட ஆர்டர் வாங்கி மறுபடி குத்திட்டு வாங்க என்கிறார். எவ்வளவு நாள் ஆகும் சார். அது ஆகும்மா, அதுக்கெல்லாம் கணக்கு கிடையாது. கப்பல்ல இடம் போட்டாச்சு சார், மத்த மூணு பேர் வண்டியும் மும்பை கிளம்பிருச்சு. அதுக்கு நான் என்னம்மா பண்றது. நான் ஒன்றும் செய்யவில்லையே. நானா அழித்தேன். கடவுளே பார்த்து மறைத்த மாதிரி இருக்கிறது, அவனுக்கு வைத்த பொட்டை வைத்தே. வாயை மூடிக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், கப்பல் போய்விடும், இவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பத்து நாள் வைத்துக்கொள்ளட்டும், வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளட்டும், அந்த முகம் என் வீட்டில் இருக்கும். தோசை வேண்டாம் என்று சொல்லும், நான் சுடுவேன். சாயங்காலம் நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவேன், அவள் குழாயைத் திறப்பாள். வாளி வழியும். போதாதா. உலகத்தில் யார் வீட்டில்தான் வாளி வழியவில்லை. எத்தனை வருஷம் வழியும் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் மாளாது.

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை, களைத்துப்போய் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்து சக்கரத்தில் முதுகைச் சாய்த்தாள். லாரன்ஸ் போடச் சொன்ன இண்டிகேட்டரை யாரும் அணைக்கவில்லை. இடது பக்கம். டிக். டிக். அவள் தலைக்கு மேலே மஞ்சளாக எரிந்து அணைந்து எரிந்தது. சட்டை மடிப்புக் கலையவில்லை. சாலையில் போகிற ஒருத்தன் உள்ளே பார்த்துவிட்டு, ஏதோ களைப்பு என்று போனான். தூரமா அவரைக் கொன்றது. பெரம்பூர் மேம்பாலம், தயிர்க்கடை, கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் எழுந்தது எனக்குத் தெரியாது. நாற்காலி பின்னால் விழுந்த சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன் என்று தெரிந்தது. எழுந்திருடீ என்றேன். என்னம்மா என்றாள். தரையில உட்காராத, எழுந்திரு, அந்த லைட்டை அணை. நான் கத்திய கத்தலில் லாரன்ஸ் தானே போய் அணைத்தார். பையைத் திறந்தேன். எலுமிச்சம்பழம். கோயில் விபூதி, காகிதத்தில் மடித்தது, எப்போதும் இருக்கும். பழத்தைப் பல்லால் கடித்துப் பிய்த்தேன், சாறு முழங்கைவரை வழிந்தது. சாரே, இதுல கீறல் விழாதுல்ல என்றேன். என்ன மேடம் பண்றீங்க. குத்துவிளக்கு தேய்க்கிறேன். மூடியை விபூதியில் தொட்டு, ஹாண்டிலுக்குக் கீழே விரலை விட்டு, வழக்கமான இடம்தான், கண்ணை மூடினாலும் தெரிகிற இடம், தேய்த்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு சிவப்பாகக் கரைந்தது. பிறகு மஞ்சள். புறங்கையில் ஒழுகி மணிக்கட்டு வளையலில் சேர்ந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. மிருதுளா என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நீதான் வச்சியா" என்றாள், மெதுவாக. "வேற யாரு, எதிர்வீட்டுக்காரரா." "எனக்குத் தெரியாதும்மா." "உனக்குத் தெரிஞ்சா அது சாமியா, பேஸ்புக்கு." சிரிக்கவில்லை அவள். கர்ச்சீப்பை எடுத்து என் மணிக்கட்டைத் துடைத்தாள், துடைத்துவிட்டுக் கையை விடவில்லை. நான்தான் உதறினேன். தேய்க்க வேண்டாமா பின்னே.

தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்தார். வெள்ளையாக எழும்பி வந்தது, எழுத்து, எண், எழுத்து, கடைசிவரை. அடே, பளிச்சுன்னு இருக்கே என்றார் லாரன்ஸ், என்னமோ அவர் தேய்த்த மாதிரி. அந்தத் தாளை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கரும்பலகையில் யாரோ நகத்தால் எழுதியதுபோல இருந்தது. இவ்வளவு நாளும் இதன்மேல்தான் விரலை வைத்திருக்கிறேன், பேர் தெரியாத ஒருத்தரின் கன்னத்தைத் தடவின மாதிரி. பிறகு எவ்வித ஆட்சேபணையும் இல்லாத தாளை எடுத்தேன். கையில் எலுமிச்சை ஈரம், பேனா வழுக்கியது. தி. தெய்வநாயகி. கான்வென்ட் கையெழுத்து, சாயாது, கோட்டைத் தாண்டாது. போட்டுவிட்டேன். அவர் வாங்கி மூன்று இடத்தில் முத்திரை குத்தினார். மேடம், ஒரு வருஷத்துக்குள்ள வண்டி இங்க திரும்பி வரணும், இதே நம்பரை நான் பார்க்கணும், ஞாபகம் வச்சுக்கங்க என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மிருதுளா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். பின் சீட்டைக் கையால் தட்டித் தூசியைத் துடைத்தாள், எனக்காக என்று சொல்லாமல். பட்டனை அமுக்கினாள். அந்தச் சத்தம். முற்றம் முழுக்க, சுவரில் மோதி, என் காதுக்குள், தோசைக்கல்லுக்குள். பட்டப்பகலில், வேறு யாரோ ஓட்டாமல், அவளே ஓட்ட. லாரன்ஸ் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே நடக்க ஆரம்பித்தார். நான் அவர் பின்னாலேயே இரண்டடி வைத்தேன். சார், ஒரு நிமிஷம், அந்தத் தாளில் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது, நான் பார்த்தேன், அதில் இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்து எழுதிக்கொடுங்கள், தமிழிலேயே எழுதினாலும் போதும், இந்த வண்டி எங்கே வேண்டுமானாலும் கிடக்கட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை, ஓட்டிப்போன பெண் மட்டும் திரும்பி வரவேண்டும் என்று.